என் கணவரை மைதானத்திலிருந்து வெளியேற்றிய ஞாயிறு

என் கணவர் மைதானத்துக்குள் வந்ததை நான் முதலில் கவனிக்கவில்லை. என் கண் முழுக்க நீலச் சட்டை போட்ட ஓர் ஆள் மேல் இருந்தது. அந்த ஆள் கயிற்றைத் தாண்டி, சுண்ணாம்புக் கோட்டையும் தாண்டி, விரலை நீட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

சற்று முன்தான் செல்லூர் அணி ஒரு கோல் போட்டிருந்தது. அது செல்லாது என்று நடுவரான நான் சொல்லிவிட்டேன். பந்தைத் தட்டிவிட்ட நொடியில் அதை வாங்கிய செல்லூர்ப் பையன் எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டிப் போய் நின்றிருந்தான். ஆஃப்சைடு. ஓரத்தில் நின்ற துணை நடுவர் கொடியைத் தூக்கியிருந்தார். நானும் பார்த்தேன், விசில் ஊதினேன். அதுவரை பட்டாசு போலக் கத்திக்கொண்டிருந்த செல்லூர்க் கூட்டம் ஒரு கணம் வாயடைத்துப் போய், பிறகு முன்னைவிடப் பலமாகக் கத்த ஆரம்பித்தது.

நீலச் சட்டைக்காரர் எனக்கு நாலடி தூரத்துக்கு வந்துவிட்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து அவருடைய காலரைப் பிடித்தது. அந்தக் கையில் கட்டியிருந்த கைக்கடிகாரத்தை எனக்குத் தெரியும். அதற்கு வார் மாற்றிக் கொண்டுவந்ததே நான்தான்.

அது கதிரேசன். என் வீட்டுக்காரர்.

வாசகி கேட்ட கேள்வி

இந்தத் தொடரில் சென்ற வாரம் நடுவர் தேர்வு எழுதிய கதையைச் சொல்லியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, “எல்லாம் சரி, உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள்?” என்று கேட்டிருந்தார். கேட்டது ஒருவர்தான் என்றாலும், பலர் மனதில் இருக்கும் கேள்விதான் அது.

கல்லூரிக் கால்பந்து அணியில் நான் தடுப்பாட்டம் ஆடியவள். கல்யாணத்தோடு ஆட்டம் நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒத்தக்கடையில் வீடு, மதுரை டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ் என்று நாள் போய்விட்டது. கூட ஆடிய தோழி ஒருத்திதான் நடுவர் தேர்வுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

கதிரேசன் கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறவர். பையன்களும் பெண்களும் பின்னால் கும்மாளம் போடும்போது ஒருமுறைகூடத் திரும்பி அதட்டாதவர் என்று பெயர். மேலூர் ரோட்டின் நெரிசலிலும் ஹாரன் மேல் கை வைக்க யோசிப்பார். தேர்வில் தேறிவிட்டேன் என்று சொன்னபோது, “உனக்கு ஒத்து வந்துச்சுன்னா போ” என்றார். அதைத் தாண்டி ஒரு வார்த்தை இல்லை.

அவருடைய அண்ணன் மட்டும் போன் போட்டு அரைமணி நேரம் பேசினார். ஆம்பிளைப் பயல்களுக்கு நடுவில் ஒரு பொம்பளை விசில் ஊதிக்கொண்டு ஓடுவது நம் குடும்பத்துக்கு அடுக்குமா என்பதுதான் பேச்சின் சாரம். கதிரேசன் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “வெயில் ஜாஸ்தியாத்தான்ணே இருக்கு, தொப்பி வாங்கிக் குடுத்துருக்கேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். மைதானத்துக்குள் வர மாட்டார். பக்கத்தில் எங்கேயாவது ஒரு டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். முடிந்ததும் வந்து ஏற்றிக்கொள்வார். “சண்டை எதும் உண்டா?” என்று கேட்பார். “இல்லை” என்பேன். பெரும்பாலும் அது பொய்.

கண்ணு தெரியலையா

நடுவரைப் பார்த்து உலகத்தில் எல்லா இடத்திலும் கேட்கப்படும் கேள்வி, கண் தெரியவில்லையா என்பது. எனக்கு அதில் ஒரு கூடுதல் சிரிப்பு உண்டு, நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி என்பதால்.

ஒருமுறை, முந்தின நாள் மைதானத்தில் அதையே தொண்டை கிழியக் கேட்ட ஒரு பையன் தன் அப்பாவை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டான். என்னைப் பார்த்ததும் கண்ணாடிச் சட்டங்கள் மாட்டியிருந்த சுவரை ஆராய ஆரம்பித்தான். அவன் அப்பாவுக்குப் பார்வை பார்த்து, எழுத்துப் பலகையைப் படிக்க வைத்து, எல்லாம் முடிந்த பிறகு, “தம்பிக்கும் பாத்துருவோமா?” என்று கேட்டேன். “எனக்கு நல்லாத் தெரியுதுக்கா” என்று சுவரைப் பார்த்தபடியே சொன்னான். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் வணக்கம் வைப்பான்.

எல்லா வசவுக்கும் இப்படி ஒரு நல்ல முடிவு கிடைக்காது. கண்ணைப் பற்றிக் கேட்பவர்கள் நல்லவர்கள். உடுப்பைப் பற்றி, நடையைப் பற்றி, வீட்டைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. முழு நீளக் கால்சட்டை போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து வரும்போதே அதன்மேல் சுடிதார் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிடுவேன். உடை மாற்ற மைதானங்களில் பெண்களுக்கு இடம் இருக்காது.

செல்லூர்க் காதுகள்

அன்று ஆடிய இரண்டு அணிகளையும் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்று சோழவந்தான் பக்கத்துக் கிராமத்து அணி. வயலிலும் வாழைத் தோப்பிலும் வேலை செய்கிறவர்கள், சிலர் அங்கிருந்து டவுனுக்கு வேலைக்கு வருகிறவர்கள். களைக்கவே மாட்டார்கள். அதிகம் பேசவும் மாட்டார்கள்.

இன்னொன்று செல்லூர் அணி. பாதிப் பேர் விசைத்தறிக்காரர்கள். அவர்களுக்கு முதன்முதலில் நடுவராக இருந்தபோது நான் மிகவும் திணறினேன். விசில் ஊதினால் நிற்க மாட்டார்கள். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நினைத்து ஒருவனுக்கு மஞ்சள் அட்டையும் காட்டிவிட்டேன். பிறகொரு நாள் துணி எடுக்கச் செல்லூர்ச் சந்துக்குள் போனபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டு பக்கமும் தறி ஓடுகிறது. எனக்குப் பக்கத்தில் நின்றவர் என்னிடம் பேசினார், வாய் அசைந்தது, ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. ஆனால் தறிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவருடைய கையசைவைப் பார்த்தே பதில் சொன்னார். நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் நிற்கிற காதுக்கு என் விசில் ஒரு குருவிச் சத்தம்.

அடுத்த வாரமே அதிகச் சத்தம் போடும் விசில் ஒன்று வாங்கினேன். கையைத் தலைக்கு மேல் நன்றாகத் தூக்கிக் காட்டவும் பழகினேன். அதன்பிறகு அவர்களோடு எனக்குப் பிரச்சினை இல்லை. அவர்களுடைய கேப்டன் மணிகண்டன் ஒருமுறை, இந்த ஊரில் எங்களுக்குக் கேட்கிற மாதிரி விசில் ஊதுகிற ஒரே ஆள் அக்காதான் என்று சொன்னான்.

இறுதிப்போட்டி

மைதானம் கோச்சடைக்கு மேற்கே, வைகைக் கரைப் பக்கத்து வெட்டவெளி. நாலு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள். போட்டியை நடத்தியவர் அழகர் அண்ணன், அந்தப் பகுதியில் சிமெண்டுக் கடை வைத்திருப்பவர். பெரியவர்கள் ஆடும் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு அதுவரை அங்கே ஒரு பெண் விசில் ஊதியதில்லை. அரையிறுதியைப் பார்த்துவிட்டு, இறுதிப்போட்டியும் இந்தப் புள்ளையே பார்க்கட்டும் என்று சொன்னவர் அவர்தான். கூட இருந்தவர்களுக்குச் சம்மதமில்லை. ஏதாவது ரகளை ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறார்கள். நான் சொல்கிறேன் என்றிருக்கிறார் அழகர் அண்ணன்.

இது எனக்குத் தெரியும். அந்த ஆட்டம் பாதியில் நின்றால், இனி அந்தப் பக்கம் எந்தப் பெண்ணையும் கூப்பிட மாட்டார்கள் என்பதும் தெரியும். எனக்குப் பின்னால் தேர்வு எழுதிவிட்டு இரண்டு பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

கதிரேசன் அன்றைக்கு ஏன் மைதானத்துக்குள் வந்தார் என்றால், அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பக்கத்து டீக்கடைக்காரர் ஏதோ கல்யாணத்துக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். வெயிலில் பைக் மேல் எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது என்று, மனிதர் கூட்டத்தோடு வந்து நின்றிருக்கிறார். நிற்க இடம் கிடைத்ததோ செல்லூர்க்காரர்களுக்கு நடுவில்.

இரண்டு பேரும்

காலரைப் பிடித்த பிறகு என்ன செய்வது என்று கதிரேசனுக்குத் தெரியவில்லை. அடிக்கவில்லை. விடவும் இல்லை. நீலச் சட்டைக்காரர் திமிறிக்கொண்டு திரும்பி அவர் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார். அதற்குள் இரண்டு அணிக்காரர்களும் ஓடிவந்து நடுவில் விழுந்தார்கள். புழுதி கிளம்பியது. யாருடைய காலோ கோட்டுச் சுண்ணாம்பை வாரியடித்து என் வாயெல்லாம் கரித்தது.

நான் விசிலை நீளமாக ஊதினேன். மூச்சு தீரும்வரை ஊதினேன். செல்லூர்க் காதுகளுக்கும் எட்டியது, கைகலப்பு நின்றது.

அழகர் அண்ணன் மூச்சு வாங்க உள்ளே வந்தார். கதிரேசனை அவருக்குத் தெரியும். என்னிடம் தணிந்த குரலில், அண்ணன் நம்ம ஆள், ஓரமாக நிற்கட்டும், இந்த நீலச் சட்டையை மட்டும் அனுப்பிவிடுவோம் என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

மணிகண்டன் அதைக் கேட்டுவிட்டான்.

“அவரு யாருக்கா?” என்று கேட்டான்.

யாரோ என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த நேரத்துக்கு ஆட்டம் தொடங்கியிருக்கும். ஆனால் ஒத்தக்கடை ஆள் ஒருவனாவது அந்தக் கூட்டத்தில் இல்லாமலா இருப்பான்? அதைவிட, என் முன்னால் வேர்த்து நிற்கிற மனிதரை யாரோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“எங்க வீட்டுக்காரரு” என்றேன்.

சுற்றி நின்றவர்கள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். செல்லூர் அணியில் ஒருவன், குடும்பத்தோடு வந்து நடுவர் வேலை பார்க்கிறார்கள், நாங்கள் ஆட மாட்டோம் என்றான். இன்னும் இரண்டு பேர் கோட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள்.

ஆடுகளத்துக்குள் வெளியாள் வந்தால் வெளியேற்ற வேண்டும் என்பது விதி. அந்த வெளியாளுக்கு நடுவர் என்ன உறவு என்று விதியில் இல்லை.

“ரெண்டு பேரும் வெளிய போகணும்” என்றேன். எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னேன். பிறகு கதிரேசனைப் பார்த்தேன். “மாமா, கயித்துக்கிட்டயும் நிக்கக் கூடாது. ரோட்டுக்குப் போங்க. முடிஞ்சதும் நான் வாரேன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. கோபம் இல்லை. வகுப்பில் தன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து நிற்கிற பிள்ளையின் முகம் போல இருந்தது. காலரை விட்டார். தன் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். மைதானத்தின் நீளம் முழுவதும் நடந்து, கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே போனார்.

கூட்டத்தில் யாரோ, ‘அவருக்குச் சிவப்பு அட்டை காட்டுங்க’ என்றான். கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. பார்க்க வந்தவர்களுக்கு அட்டை கிடையாது என்று அவனுக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை.

நீலச் சட்டைக்காரர் அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எதிர்ப்பக்கமாக அவரும் நடந்தார். கோடு வரை போயிருந்த இரண்டு ஆட்டக்காரர்களையும் மணிகண்டன் கையைத் தட்டித் திரும்பக் கூப்பிட்டான்.

ஆஃப்சைடு ஆன இடத்தில் பந்தை வைத்து, சோழவந்தான்காரர்களை அடிக்கச் சொன்னேன். கடிகாரத்தில் மீதி நேரத்தைப் பார்த்துக்கொண்டேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாகப் பஸ் ஏறித்தான் வர வேண்டியிருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. அடுத்த ஃப்ரீ கிக் வந்தது, அந்த நினைப்பும் போனது.

இடிச்சேன்

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. சோழவந்தான் அணியின் ஒல்லியான பையன் ஒருவன் பந்தோடு செல்லூர் கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெட்டிக்குள் நுழைந்தான். பின்னாலேயே மணிகண்டன். பந்து பையனின் காலில் இருந்தது, அடிக்கப் போகிறான். மணிகண்டனின் உள்ளங்கை அவன் முதுகில் பட்டது. பையன் முகம் குப்புற விழுந்தான்.

நான் நல்ல இடத்தில் நின்றிருந்தேன். கையும் தெரிந்தது, முதுகும் தெரிந்தது. பெனால்டி.

ஊதுவதற்கு முன்னால் ஒன்றும் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பெருமைக்குச் சொல்வதாகும். ஒரு நொடி யோசித்தேன். இதை ஊதினால் செல்லூர்க்காரர்கள், புருஷனைத் தள்ளியதற்குப் பழிவாங்கிவிட்டாள் என்பார்கள். ஊதாவிட்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், விழுந்து கிடக்கிற அந்தப் பையனைத் தவிர.

ஊதினேன். கையை நீட்டிப் பெனால்டி புள்ளியைக் காட்டினேன்.

செல்லூர் அணி மொத்தமும் என்னைச் சூழ்ந்துகொண்டது. யார் என்ன கத்துகிறார்கள் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நான் அப்படியே நின்றேன். பின்வாங்கக் கூடாது என்பதைத் தவிர வேறொன்றும் மனதில் இல்லை.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மணிகண்டன் வந்தான். முழங்காலில் மண். என்னிடம் பேசவில்லை, தன் பையன்களிடம்தான் பேசினான்.

“விடுங்கடா. இடிச்சேன்” என்றான்.

ஒவ்வொருவராக விலகினார்கள். பெனால்டி கோலானது. சோழவந்தான் அணி கோப்பையை வாங்கியது.

எல்லாம் முடிந்து நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மணிகண்டன் மறுபடி வந்தான். தோற்ற முகம்தான், அதை அவன் மறைக்கவில்லை. பொங்கலுக்குச் செல்லூரில் தெருப் பையன்கள் போட்டி வைக்கிறார்கள் என்றான். “நீங்கதான்க்கா வந்து ஊதணும். வேற யாரு ஊதுனாலும் எங்க பயலுக அடங்க மாட்டாய்ங்க” என்றான். அழகர் அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். காத்திருந்த இரண்டு பெண்களின் பெயரை அப்போதே அவரிடம் சொல்லி வைத்தேன். அடுத்த போட்டிக்கு அவர்களில் ஒருத்திக்குக் கொடி கொடுத்தார். இன்றைக்கு அவள் என்னைவிட நன்றாக ஓடுகிறாள்.

செல்லூருக்குப் போனேன். அது வேறு கதை.

முனிச்சாலைப் பக்கம் ஒரு டீக்கடை

ரோட்டுக்கு வந்தபோது கதிரேசன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ‘ஏறு’ என்றுகூடச் சொல்லவில்லை. ஏறினேன். கோச்சடை, ஆரப்பாளையம், சிம்மக்கல் எல்லாம் கடந்தது.

முனிச்சாலைப் பக்கம் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். இரண்டு டீ சொன்னார். இன்னும் வெளிச்சம் இருந்தது. டீயை ஆற்றிக்கொண்டே, “அது பெனால்டி இல்ல, செல்வி” என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ரோட்டில் அல்லவா இருந்தார்?

பைக் சீட்டின் மேல் ஏறி நின்று பார்த்திருக்கிறார். கடைசி வரைக்கும். ஒருமுறை வழுக்கி விழப் போய் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டாராம்.

உள்ளே வந்த காரணத்தை அவராகவே சொன்னார். “அந்த நீலச் சட்டைக்காரன் உன்னைய வைஞ்சான். வைஞ்சா வைஞ்சுட்டுப் போறான்னுதான் நின்னேன். கடைசியா, ‘இவளுக்குக் கேக்க ஒரு ஆளில்லையா’ன்னான். நான் இருக்கேன்னு சொல்லத்தான் வந்தேன்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. டீயைக் குடிப்பது போலக் குனிந்துகொண்டேன்.

“உள்ள நிக்கிறப்ப அதெல்லாம் உனக்குக் கேக்குமா?” என்று கேட்டார்.

“கேக்கும் மாமா.”

“எல்லா வாரமுமா?”

“பாதி வாரம்.”

அவர் டீக்கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி போக வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் என்ன பதில் சொல்வது என்று எனக்குள் ஒரு வாக்கியம் தயாராகிக்கொண்டிருந்தது. அது கடுமையான வாக்கியம்.

“வேற யாராச்சும் வெளிய அனுப்பிருந்தா போயிருப்பனான்னு தெரியல. நீ அனுப்புன விதத்துல போயிட்டேன்” என்றார். பிறகு, “ஆனாலும் அது பெனால்டி இல்ல. சும்மா கை பட்டுச்சு, அம்புட்டுத்தான்” என்றார்.

அந்தக் கடுமையான வாக்கியம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஓடுகிறவன் முதுகில் கை பட்டால் போதும், நிற்கிற ஆளைத் தள்ளுவதும் ஓடுகிற ஆளைத் தள்ளுவதும் ஒன்றில்லை என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. கிளாஸை பெஞ்சில் வைத்தார்.

“நான் ஓடுறேன். தள்ளு, பாப்போம்” என்றார்.

டீக்கடைக்குப் பக்கத்தில் கொஞ்சம் காலி இடம் இருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இல்லாத ஒரு பந்தைத் தட்டியபடி ஓடினார். நான் பின்னாலேயே ஓடிப் போய், மணிகண்டன் வைத்த மாதிரி, முதுகில் உள்ளங்கையை வைத்தேன். அழுத்தவே இல்லை.

ஆள் தடுமாறி, இரண்டு கையையும் மண்ணில் ஊன்றி விழுந்தார்.

எழுந்து உள்ளங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். என்னைப் பார்த்தார். டீக்கடைக்காரரையும் ஒருமுறை பார்த்தார்.

“பெனால்டிதான்” என்றார்.